சிவப்புக்கு எத்தனை மார்க்

கண்ணை மூடிக்கொண்டு நாற்பது நிமிடம் உட்காரச் சொல்லியிருந்தார்கள். இடையில் திறந்து பார்த்தால் சொட்டு மருந்து கன்னத்தில் வழிந்துவிடும், மறுபடி முதலிலிருந்து ஊற்ற வேண்டியிருக்கும், டாக்டர் என்னைத்தான் திட்டுவார் என்று சொல்லிவிட்டு சிஸ்டர் அடுத்தவரின் நெற்றியை நிமிர்த்தப் போய்விட்டார். கோகிலவாணி மூடிக்கொண்டாள். மூடச் சொன்னால் மூடுவாள், எழுதச் சொன்னால் எழுதுவாள், இருபத்து மூன்று வயதுவரை அப்படித்தான் வந்திருக்கிறாள். மருந்து முதலில் எரிந்தது, பிறகு தொண்டைக்குள் இறங்கிக் கசந்தது. கண்ணில் விட்டது தொண்டையில் எப்படிக் கசக்கும் என்று யோசிக்கத் தொடங்கினாள், பாதியில் அலுத்துவிட்டது. மூன்று வருடமாக உடம்பு செய்கிற எதற்கும் காரணம் கேட்பதை அவள் விட்டுவிட்டாள். மரப் பெஞ்சின் விளிம்பு தொடையில் அழுத்தியது. வலப்பக்கம் அப்பா உட்கார்ந்திருக்கிறார், பார்க்காமலே தெரிகிறது, தின்னர் வாசனை. எத்தனை முறை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் பெயிண்டரின் தோலைவிட்டு அது போவதில்லை. எதிர் அறையில் பார்வை பார்க்கிறார்கள், கதவைச் சாத்துவதே இல்லை. யாரோ ஒரு பெரியவரின் குரல் தடுமாறித் தடுமாறி வந்தது. வ. ட. அடுத்தது மவா, யவா? அவர் முடிவு செய்வதற்குள் கோகிலவாணியின் வாய்க்குள் மீதி தானாக ஓடி முடிந்தது. வ, ட, ம, ப, ய, க. அதற்குக் கீழ்வரி ர, ங, ப, ட, ல, ம, வ. நிறுத்தப் பார்த்தாள், நிற்கவில்லை. மூடிய இமைக்குள் எழுத்து எதுவும் தெரியவில்லை, ஓசை மட்டும்தான் சுற்றிச் சுற்றி வந்தது, பஸ்ஸில் கேட்ட பாட்டு நாள் முழுக்க விடாமல் தொற்றிக்கொள்வதுபோல. மடியில் ஆஸ்பத்திரி நோட்டு. அதில் இன்றைய தேதி போட்டு வலது 6/6, இடது 6/6 என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். வலது கண்ணுக்கு எழுதியிருப்பது உண்மை. இடது கண்ணுக்கு எழுதியிருப்பது மனப்பாடம்.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்து அவள் வரவில்லை. இதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும்போல இருந்தது, ஆனால் யாரும் கேட்கவில்லை. இரண்டு வாரம் முன்பு தன் கண்ணுக்காக முதல் தடவை வந்தபோதும் இதே பெஞ்ச்தான். டோக்கன் நாற்பத்தொன்று. ஒவ்வொருவர் உள்ளே போகப்போக ஒரு சாண் நகர்ந்து நகர்ந்து கதவருகே வந்தாள், அவளுக்கு முன்னால் போன அத்தனை பேரும் அதே போர்டைப் படித்தார்கள், அவள் காது அதைக் கேட்டுக்கொண்டே இருந்தது. கேட்டது அவள் தப்பா? அவள் படித்ததெல்லாமே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் பத்து மார்க் கேள்வியின் பதிலை டீச்சர் வாய்விட்டுச் சொல்லச் சொல்ல, எங்கே மூச்சு வாங்கினார் என்பது உட்பட அவளுக்கு ஏறிவிடும். வேலைக்கான தேர்வுக்கும் ஜெராக்ஸ் கடையில் பேப்பர் தள்ளிக்கொண்டே காதில் ஒயரை மாட்டிக் கேட்டுக் கேட்டுத்தான் தேறினாள். அன்றைக்கு வலது கண்ணால் கடைசி வரிவரைக்கும் படித்தாள். அது நிஜமாகவே தெரிந்தது. பிறகு கரண்டி மாதிரி இருந்த கறுப்பு அட்டையை வலது கண்ணுக்கு மாற்றச் சொன்னார்கள். மாற்றினாள். போர்டு இருந்தது, சுவர் இருந்தது, மேலே டியூப்லைட் இருந்தது. போர்டின் நடுவில் மட்டும் யாரோ ஊதிவிட்ட புகை. கண்ணை நகர்த்தினால் புகையும் கூடவே நகர்ந்தது. பார்வை பார்ப்பவர் குச்சியால் போர்டைத் தட்டி, ம், என்றார். அந்த "ம்" இருக்கிறதே, அது ஒன்றாம் வகுப்பிலிருந்து அவள் கேட்டு வந்த "ம்". அதற்குப் பதில் சொல்லாமல் அவள் நின்றதே கிடையாது. வாய் திறந்தது, வ, ட, ம, ப, ய, க, ஒரு எழுத்து பிசகவில்லை. வெரி குட் என்றார் அவர். அப்போது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைத்தான் இப்போது தாங்க முடியவில்லை. பொய்யைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அந்த ஒரு நிமிடச் சந்தோஷத்தை என்ன செய்வது? இன்று காலையிலும் அதே போர்டு, அதே குச்சி. இன்று புகை பெரிதாகியிருந்தது. போர்டு இருக்கும் இடமே தெரியவில்லை. இருந்தும் வாய் சொன்னது.

இடதுபுறம் யாரோ வந்து தொம்மென்று உட்கார்ந்தார்கள், பெஞ்ச் ஒரு முறை ஆடியது. எடப்பாடிப் பக்கமிருந்து வருகிறேன், சர்க்கரை, அது கண்ணுக்கு ஏறிவிட்டது என்று அந்த அம்மாள் யாரும் கேட்பதற்கு முன்பே எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். சின்னப் பிள்ளை உனக்கென்ன என்று கேட்டார். கோகிலவாணி கண்ணைத் திறக்காமலே நரம்பு என்றாள். நரம்பா, கீரை தின்னு என்றார். பிறகு தன் கண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். "எனக்கு ஒரு கண்ணு போயி ஆறு மாசமாச்சுங். இப்ப எங்கூட்டுக்காரரு பாதிதான் தெரியறாரு. அதுவே தாராளம்னு இருக்குது." பெஞ்ச் முழுக்கச் சிரித்தது. அப்பாகூட மூக்கால் சிரித்த சத்தம் கேட்டது. கோகிலவாணியும் சிரித்தாள், சிரித்ததில் கண்ணுக்குப் பின்னால் அந்த வலி இழுத்தது, நூலைக் கட்டி உள்ளிருந்து சுண்டுகிற மாதிரி. ஆறு மாதம் என்ற சொல்லில் மனசு மாட்டிக்கொண்டது. ஆறு மாதம் முன்பு எப்படித் தொடங்கியது என்று கேட்கலாம். புகையாகவா? நடுவிலா, ஓரத்திலா? எத்தனையாவது நாள் முழுசாகப் போயிற்று? ஆனால் அந்த அம்மாளுடையது வேறு நோய், இவளுடையது வேறு. இவளுடையதன் பெயர் லூபஸ். பெயரைக் கேட்டு ஏதோ வெளிநாட்டுச் சாக்லேட் என்று நினைத்தாள் அம்மா. பி.எஸ்ஸி. கடைசி வருடம், காலையில் விரல்கள் மடங்கவில்லை, பேனா பிடிக்க முடியவில்லை. வெயிலில் போனால் கன்னம் இரண்டும் சிவந்தன, முடி கொத்துக் கொத்தாக வந்தது. உடம்பைக் காக்க வேண்டியதே உடம்பை அடிக்கிறது என்று மூட்டுப் பிரிவு டாக்டர் சொன்னார். அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள், அது ஏனுங்க அப்படிப் பண்ணுது, நாங்க என்ன பண்ணினோம்? யாரும் எதுவும் பண்ணவில்லை என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். மூட்டு, பிறகு தோல், பிறகு சிறுநீரில் புரதம். ஒவ்வொன்றையும் மாத்திரை போட்டு அடக்கி, முகம் உப்பி, அடங்கி, இனி ஒன்றும் இல்லை என்று நினைத்தபோது இது. கண்ணை உருட்டினால் வலிக்கிறது என்று மட்டும்தான் மூட்டுப் பிரிவு டாக்டரிடம் சொன்னாள். அவர் உடனே பேனாவைக் கீழே வைத்தார். கண்ணுக்குப் பின்னால் ஒரு நரம்பு இருக்கிறது, கண் பார்ப்பதை மூளைக்குக் கொண்டுபோவது அதுதான், இந்த நோய் அதையும் தொடலாம், தொட்டால் சீக்கிரம் பிடிக்க வேண்டும் என்று சொல்லி, கண் பிரிவுக்குக் கடிதம் எழுதி, சீக்கிரம் என்ற சொல்லின் கீழ் இரண்டு கோடு போட்டார். பார்வை எப்படி என்று அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் எழுதுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

இப்படிச் சொல்லிச் சொல்லி எத்தனை நாள் தன்னையே ஏமாற்றுவது? காரணம் அந்தக் கவர். பீரோவில் அம்மாவின் கல்யாணப் புடவைக்கு அடியில் இருக்கிறது. தாலுகா ஆபீஸில் இளநிலை உதவியாளர் வேலைக்கான உத்தரவு. வியாழக்கிழமை உடல்தகுதிச் சான்றிதழுக்குப் போக வேண்டும், இன்று செவ்வாய். அந்தப் படிவத்தில் பார்வை என்று ஒரு வரி இருக்கிறது, வலது, இடது என்று இரண்டு கட்டம். ஒரு கண் மங்கினால் வேலை கிடைக்காதா என்று அவளுக்குத் தெரியாது. யாரையும் கேட்கவில்லை. கேட்டால், எதற்குக் கேட்கிறாய் என்பார்கள். நோட்டில் 6/6 இருந்தால் படிவத்திலும் 6/6 வந்துவிடும் என்று மனசு கணக்குப் போட்டது. வேலையில் சேர்ந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். ஒரு வாரம்தானே. நரம்பு ஒரு வாரம் பொறுக்காதா? வெறும் ஒரு வாரம். முதல் தடவையும் ஒரு வாரம் என்றுதான் நினைத்தாள், அது இரண்டாகிவிட்டது. அன்றைக்கு உள்ளே இருந்தது பயிற்சி டாக்டர், அவளைவிட இரண்டு மூன்று வயதுதான் அதிகம் இருக்கும், சாப்பிடாத முகம். இதே சொட்டு மருந்துப் பாட்டிலின் சிவப்பு மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி இதைப் பாருங்கள், மறு கண்ணை மூடிப் பாருங்கள் என்றார். வலது கண்ணுக்கு மூடி அப்போதுதான் குழைத்த குங்குமமாக இருந்தது. இடது கண்ணுக்கு வெயிலில் கிடந்த செங்கல். வலது கண்ணில் தெரிகிற சிவப்புக்கு நூறு மார்க் என்றால் இடது கண்ணில் தெரிவதற்கு எத்தனை மார்க் போடுவீர்கள் என்று கேட்டார். போயும் போயும் அவளிடம் மார்க்கைக் கேட்டார். தொண்ணூறுக்குக் கீழே வாங்கிய பேப்பரை வீட்டுக்குக் கொண்டுபோகும் வழியெல்லாம் அழுதவளிடம். தொண்ணூத்தஞ்சு என்றாள். ஐந்தைக் குறைத்துக்கொண்டது அவளே. பொய்யிலும் கொஞ்சம் உண்மை இருக்கட்டும் என்று. அவர் எழுதிக்கொண்டார், இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார், நடுவில் பார்வை குறைந்தால் அன்றைக்கே ஓடி வரச் சொன்னார். நான்காம் நாளே குறைந்துவிட்டது. அவள் ஓடவில்லை. கண்ணாடியின் முன் நின்று வலது கண்ணை மூடிப் பார்த்தாள். தலைமுடி இருந்தது, காது இரண்டும் இருந்தன, நடுவில் முகம் இல்லை.

மறுபடி சிஸ்டர் வந்தார், இன்னொரு சொட்டு என்றார். கோகிலவாணி நிமிர்ந்து கண்ணைத் திறந்தாள். மேலே சிஸ்டரின் கை, விரலிடுக்கில் கழற்றிய மூடி. வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே வலது இமையை மட்டும் தாழ்த்தினாள். இன்று அது செங்கல்கூட இல்லை. ஒரு மங்கலான வட்டம், சாம்பலா மண்ணா என்று சொல்ல முடியாதது. சொட்டு விழுந்தது, மூடிக்கொண்டாள், வழிந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். அழுகை இல்லை, மருந்துதான். அப்பா தன் துண்டை நீட்டினார், அதிலும் தின்னர். இதே இடத்தில் போன வருடம் அப்பாவுக்குக் கண் பார்க்க அவள் கூட வந்தாள். அப்போது அவள்தான் துணை, அவர்தான் நோயாளி. எழுத்துத் தெரியுமா என்று உள்ளே கேட்டார்கள். அப்பா, எழுதத் தெரியுமுங்க, படிக்கத்தான் தெரியாது என்றார். அறையே சிரித்தது. ஆனால் அது நிஜம். சங்ககிரி ரோட்டுப் பட்டறையில் கட்டி இறக்குகிற லாரிகளுக்கெல்லாம் அப்பா அர்த்தநாரிதான் எழுத்து. ஆறாம் வகுப்பிலிருந்து அவள் காகிதத்தில் எழுதிக் கொடுப்பாள், அவர் ஒவ்வொரு எழுத்தையும் பூவையும் மயிலையும் பார்ப்பதுபோலப் பார்த்து, பலகையில் அப்படியே பெரிதாக்கி வரைவார். படிக்காமலே எழுதுகிறவர் அவர், பார்க்காமலே படிக்கிறவள் இவள். அன்றைக்கு அவருக்கு வேறு போர்டு மாட்டினார்கள். மூன்று கால் வைத்த ஒரே உருவம், மேலே கீழே வலம் இடம் என்று திரும்பித் திரும்பி நிற்கும், கால் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் மூன்று விரலைக் காட்ட வேண்டும். பெயிண்ட் ஏறிய நகங்களோடு அப்பா விரலைக் காட்டிக்கொண்டு நின்றார். அவளுக்கு அப்போது கூச்சமாக இருந்தது. கதவருகே நின்ற அவள், வேறு யாருடனோ வந்தவள்போல வராந்தாவைப் பார்த்தாள். அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

பட்டறை என்றதும் அந்தப் பின்பலகை ஞாபகம் வந்தது. பத்து நாள் இருக்கும், மதியச் சாப்பாடு கொண்டுபோயிருந்தாள். ஒரு லாரியின் பின்பலகைக்கு அப்பா வண்ணம் அடித்து முடித்து, பிரஷ்ஷைத் தின்னரில் அலசிக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்திருந்தது, நாளுக்கு நூறு தடவை வலது கண்ணை மூடிப் பார்ப்பது, நாக்கால் சொத்தைப் பல்லைத் துழாவுவது மாதிரி. பலகையை அப்படிப் பார்த்தபடியே, என்னங்கப்பா இந்த வண்டிக்குச் செங்கல் கலர் அடிச்சிருக்கீங்க என்று கேட்டுவிட்டாள். அப்பா பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மூடியிருந்த கண்ணையும் பார்த்திருப்பாரோ? காஞ்சா சரியாயிரும் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூக்குப்போசியைத் திறந்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. அவர் எதையும் கேட்பதில்லை. படித்த பிள்ளை, அதுக்குத் தெரியும் என்று வீட்டில் எல்லாவற்றையும் அவள் கையில் விட்டுவிட்டார்கள், ரேஷன் கார்டு, கரண்ட் பில், அவளுடைய நோய் உட்பட. எந்த டாக்டர் என்ன சொன்னாலும் வெளியே வந்து அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவள் ஒண்ணுமில்லை என்றால் ஒண்ணுமில்லை. அந்தப் பாரம்தான் மூட்டுவலியைவிட வலித்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டால் எப்படி இருக்கும். வ, ட, ம, ப, ய, க. உள்ளே இப்போது ஒரு பெண் குரல் தப்பில்லாமல் படித்தது. அவளுக்கு நிஜமாகவே தெரிகிறதோ என்னவோ.

உள்ளே அடுத்து ஐம்பத்து மூன்றைக் கூப்பிட்டார்கள். அவளுடையது ஐம்பத்து நான்கு. அப்பா தொண்டையைச் செருமினார். எழுந்து நிற்கப் போகிறார் என்று நினைத்தாள். எழவில்லை. பெஞ்சில் கொஞ்சம் அவள் பக்கம் நகர்ந்தார். வேறு யாருக்கும் கேட்காத குரலில், அவளைப் பார்க்காமல் எதிர்ச்சுவரைப் பார்த்துச் சொல்வதுபோல வந்தது.

"அன்னைக்கு நான் அடிச்சது சிவப்புதான், சாமி."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் அவர் முகம் தெரியும், அதுவும் மருந்தில் பாதி தெரியாது.

"கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டானோன்னு டப்பாவைக்கூட மறுக்காத் தொறந்து பாத்தேன். சிவப்புதான்."

பத்து நாளாக இதை வைத்துக்கொண்டிருந்தார். டாக்டரிடம் சொல்லியிருக்கலாம், அம்மாவிடம் சொல்லியிருக்கலாம், அவளிடமே அதட்டிக் கேட்டிருக்கலாம். மாத்திப் பேசிவிட்டால் பிள்ளைக்கு ஏதாவது கெட்டுவிடுமோ என்று பயந்திருப்பார், அவளுக்குத் தெரியாதது தனக்கு என்ன தெரியப்போகிறது என்று. கவர் வந்த அன்று பட்டறையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தவர். அவரும் அந்தக் கவரைத்தான் நினைத்திருப்பார். இரண்டு பேரும் ஒரே கவரை நினைத்துக்கொண்டு ஒரே வீட்டில் பத்து நாள் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். என்னங்கப்பா என்று தொடங்கினாள். ஐம்பத்து நான்கு என்று கூப்பிட்டார்கள்.

மருந்தில் விரிந்த கண்ணுக்கு வெளிச்சம் அடித்தது, வராந்தா வெள்ளையாகப் பொங்கியது. அப்பா முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் கதவோரம் நின்றுகொண்டார். இன்று பெரிய டாக்டரம்மா இருந்தார், நசீமா என்று பெயர்ப்பலகை சொன்னது. வேகமாக நோட்டைப் புரட்டினார். கருவியில் மோவாயை வைக்கச் சொன்னார், மேலே பார், கீழே பார், என் காதைப் பார். பக்கவாட்டில் பார்த்தபோது வலித்தது, அவள் முகம் சுளித்ததை அவர் கவனித்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, உள்ளே பார்க்க எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, பார்வையும் இரண்டும் முழுசாக இருக்கிறது என்றார். "ஆனா நரம்பு பின்னாடி வீங்கியிருந்தா எங்களுக்கு முன்னாடி தெரியாதும்மா. நீ சொல்றதை வெச்சுத்தான் நாங்க பாக்கணும்." பேனாவை எடுத்து ஒரு மாதம் கழித்து என்று எழுதத் தொடங்கியவர், ஏதோ நினைத்து நிறுத்தி, மேசையிலிருந்த மருந்துப் பாட்டிலின் மூடியைக் கழற்றி நீட்டினார். வலது கண். இடது கண். அது நூறுன்னா இது எத்தனை?

மூடி இருக்கும் இடத்தில் அந்தச் சாம்பல் வட்டம் இருந்தது. முதலில் நாக்கில் தொண்ணூறு வந்தது. அதை விழுங்கினாள். பிறகு முப்பத்தைந்து வந்தது. முப்பத்தைந்து பரவாயில்லை, முப்பத்தைந்து என்றால் பாஸ், எத்தனையோ பேர் முப்பத்தைந்தில் தேறி நன்றாக இருக்கிறார்கள். இத்தனைக்குப் பிறகும் மனசு பாஸ் மார்க்கைத் தேடுகிறது. அவளுக்கு ரொம்பக் களைப்பாக இருந்தது, ஒரு வருடம் தூங்காதவள்போல. கதவோரம் தின்னர் வாசனை அசையாமல் நின்றது.

"பத்துங்க டாக்டர்" என்றாள். அவர் நிமிர்ந்தார். குரல் நின்றுவிடுவதற்குள் மீதியையும் சொன்னாள். "போர்டுல படிச்சது பார்த்துப் படிக்கலைங்க. வெளிய உக்காந்து கேட்டுக் கேட்டு மனப்பாடம். போன தடவையும்."

டாக்டர் மூடியை மேசையில் வைத்தார். திட்டுவார் என்று கோகிலவாணி காத்திருந்தாள், திட்டினால் நன்றாக இருக்கும். அவர் எப்போதிலிருந்து என்று கேட்டார், நாள் சொன்னாள். அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டார். இன்றைக்கே படுக்க வேண்டும், குளுக்கோஸோடு கலந்து மருந்து ஏற்ற வேண்டும், மூன்று நாள், தேவைப்பட்டால் ஐந்து நாள், மூட்டுப் பிரிவு டாக்டரிடம் இப்போதே போனில் பேசுகிறேன் என்றார். வியாழக்கிழமை என்று அவள் முனகினாள். வேலை, சான்றிதழ், கட்டம் என்று ஏதோ சொன்னாள். "வேலையைப் பத்தி எனக்குத் தெரியாதும்மா. ஆஸ்பத்திரியில இருந்தாள்னு எழுதித் தர்றேன், தேதி கேட்டுப் பாருங்க. கண்ணு திரும்ப வருமா, எவ்வளவு வரும், அதையும் இப்ப என்னால சொல்ல முடியாது." அவரும் தெரியாது என்று சொன்னார். இரண்டு முறை சொன்னார். சொல்லிவிட்டு ஒன்றும் ஆகாமல் உட்கார்ந்திருந்தார்.

பிறகு நோட்டில் இடது என்ற இடத்தில் இருந்ததைக் குறுக்கே அடித்தார். சரியாக எழுதணும் என்று சொல்லி, இழுப்பறையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். மூன்று கால் வைத்த அந்த உருவம், ஒன்றே ஒன்று, உள்ளங்கை அளவு. இதை மனப்பாடம் பண்ண முடியாது, நான் திருப்பிக்கிட்டே இருப்பேன் என்றார், கோபமில்லாமல். வலது கண்ணைப் பொத்திக்கொள்ளச் சொல்லிவிட்டு நாலடி தள்ளி நின்றார். கோகிலவாணி அப்பாவைப் போல மூன்று விரலை நீட்டித் தயாராக வைத்துக்கொண்டாள். அட்டை வந்தது, புகை அதை மூடிக்கொண்டது. கையை இறக்கி, தெரியலைங்க என்றாள். சொல்லி முடித்ததும் தோள்கள் தாமாகத் தளர்ந்தன. அட்டை திரும்பியது. தெரியலைங்க. டாக்டர் இன்னும் ஓரடி முன்னால் வந்து மறுபடி திருப்பினார். அவள் அவசரப்படவில்லை. கண்ணைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தி, வலியோடு நகர்த்தி, புகையின் விளிம்பில் காத்திருந்தாள். கறுப்பாக ஏதோ ஒன்று, ஒரு கால், இன்னொரு கால். அவள் கை மெல்ல எழுந்து தரையைக் காட்டியது. கீழே என்று அப்பா கதவோரத்திலிருந்து முணுமுணுத்தார். டாக்டர் அவர் பக்கம் திரும்பி வாயில் விரல் வைத்தார். அவளுக்கு அப்பா சொன்னது கேட்கவேயில்லை, அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.